முழங்காலுக்கு மேலே கொக்கு

"அந்தக் கொக்கு அழகா இருக்குல்ல அங்கிள்?"

"உனக்குப் பிடிச்சிருக்காம்மா?"

"ரொம்ப, ரொம்பப் பிடிக்கும்."

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை ஜன்னலோரத்தில் நடந்த பேச்சு இது. மொத்தமே இவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். எதிரே அவனுடைய அப்பா. முதல் சந்திப்பு. அவர் பேச மாட்டார், அவளுக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு டீயும் ஆடை கட்டிவிட்டன. ஸ்கூட்டருக்கு இந்த ஜென்மத்தில் இடம் கிடைக்கும் என்று தோன்றவில்லை. எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று வெளியே பார்த்தாள். ரவுண்டானா நடுவில் மாநகராட்சிக் கொக்கு நின்றிருந்தது. சிறகை லேசாக விரித்து, வாயில் ஒரு மீனைக் கவ்வியபடி, நெட்டைக் காலில் நிற்கும் கொக்கு. குப்பைத் தொட்டி, பூங்கா பெஞ்சு, பஸ் கதவு, தண்ணீர் வரி ரசீது என்று ஊரில் எங்கே திரும்பினாலும் அந்தச் சின்னம்தான். பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்தது. அன்றைக்கு அந்த இடத்தில் ஒரு தபால் பெட்டி நின்றிருந்தால் தபால் பெட்டி அழகு என்று சொல்லியிருப்பாள்.

அங்கே ஏன் ஒரு தபால் பெட்டி நிற்கவில்லை என்று அதன் பிறகு அவள் நினைக்காத நாளில்லை.

கல்யாணமான அதே வருஷம் நகரத்துக்குப் புதிய ஆணையர் வந்தார். கொக்கு பழைய காலத்துச் சமாசாரம், நகரம் முன்னேறுகிறது என்று காட்ட வேண்டும் என்றார். யாரோ பெரிய கம்பெனி வரைந்து கொடுத்தது. நீல வட்டம், உள்ளே மூன்று அலைகள். ஊர்க்காரர்களுக்கு அது கழுவி வைத்த தட்டு மாதிரி தெரிந்தது. ஆனால் ஆணையரிடம் போய் யார் சொல்வது? முதல் வேலையாக ரவுண்டானா கொக்கை எடுக்க உத்தரவானது.

அவளுடைய மாமனாருக்கு மாநகராட்சியின் தெருவிளக்குப் பிரிவில் வேலை. ஏணி லாரி ஓட்டுவார், ஏணியில் ஏறி பல்பும் மாட்டுவார். ஓய்வு பெற ஒரு மாசம்தான் பாக்கி. அந்த ஏணி லாரிதான் கொக்கை இறக்கப் போனது. சாயங்காலம் அதே லாரி வீட்டு வாசலில் வந்து நின்றது.

"அம்மாடி, பால்கனிக்கு வா! உனக்கு என்ன கொண்டாந்திருக்கேன் பாரு!"

அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தை ஒன்றாக வந்து அவள் கேட்டதே இல்லை. எட்டிப் பார்த்தாள். லாரியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, வாயில் மீனோடு, கொக்கு அவளைப் பார்த்தது.

"ஓய்வு பெறும்போது சுவர்க் கடிகாரம் கொடுப்பாங்க. எனக்குக் கடிகாரம் வேணாம், இதைக் கொடுங்கன்னு கேட்டு வாங்கிட்டேன்" என்றார். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"கால் எங்கேப்பா?" என்றான் அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக் அவன், எதைப் பார்த்தாலும் முதலில் உதிரி பாகம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான்.

"கால் அங்கேயே நிக்குது. உள்ளே இரும்பு வச்சு கான்கிரீட்ல இறக்கியிருக்காங்க. அசையல. முழங்காலோட அறுத்துட்டோம்."

வாசல் வழியாகக் கொக்கு நுழையவில்லை. ஏணியில் தூக்கி, பால்கனிக் கதவைக் கழற்றி, உள்ளே கொண்டுவந்தார்கள். துணி ஊற வைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மணலை நிரப்பி, அதில் நட்டு, சின்ன ரூமில் நிறுத்தினார்கள். சின்ன ரூம் மாமனாருடைய ரூம். அவருடைய மடக்குக் கட்டில் ஹாலுக்கு வந்தது.

"உங்களுக்குச் சிரமமா இருக்குமே மாமா."

"ஹால்தான்மா எனக்கு வசதி. நல்லா காத்து வரும்."

அந்த ஹாலில் காற்று வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அவள் கேட்காமல் இல்லை. கேட்க முயற்சி செய்துகொண்டேதான் இருந்தாள். முதல் தடவை, "மாமா, அந்தக் கொக்கு மேல தூசி..." என்று ஆரம்பித்தாள். மறுநாளே அதற்கு அளவெடுத்து ஒரு பிளாஸ்டிக் உறை தைத்து வந்துவிட்டது, மூக்குக்குத் தனியாக ஒரு குழாயோடு. இன்னொரு தடவை, "அது நிக்கிற இடம் ஒரே இருட்டு" என்று நூல் விட்டுப் பார்த்தாள். தெருவிளக்குக்காரர் வீடு அல்லவா? தெருவுக்கு மாட்டுகிற பல்பு ஒன்று சின்ன ரூமில் எரிய ஆரம்பித்தது. எதிர் மாடி அம்மா அவளை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள்: "உங்க வீட்ல ஒல்லியா ஒரு பெரியவர் ஜன்னல்லயே நிக்கிறாரே, அவருக்கு உடம்புக்கு என்ன? நான் கையாட்டினா கண்டுக்கவே மாட்டேங்கிறார்."

சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வரும். வாயைத் திறந்தால் வெளியே வருவது மட்டும் எப்போதும் ஒன்றுதான்: "டீ போடட்டுமா மாமா?" அந்த ஆறேழு வருஷத்தில் அவர் குடித்த டீயில் பாதி, அவள் சொல்லாமல் விட்ட வாக்கியங்கள்.

"நீ சொல்லேன், உங்க அப்பாதானே" என்பாள் கணவனிடம்.

"பொய் சொன்னது நீ. நான் ஏன் அடி வாங்கணும்?"

"அது பொய்யில்ல. ஒரு மரியாதைக்குச் சொன்னது."

"அந்த மரியாதைதான் உள்ளே தொட்டில நிக்குது. போய்த் துடை."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் துடைப்பாள். அவள் துடைப்பதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிள்ளை பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி ஒரு முகத்தோடு மாமனார் நகர்ந்து போவார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

அவர் எப்படிப்பட்டவர் என்றால், அவள் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது தினமும் ஸ்டாப்பில் நிற்பார். தீப்பெட்டி வாங்க வந்தேன் என்பார். அவளுடைய பையை வாங்கிக்கொண்டு இரண்டடி முன்னால் நடப்பார். வீட்டில் யாரும் பீடி சிகரெட் பிடிப்பதில்லை, அடுப்பு லைட்டரில் எரிகிறது. பரண் நிறைய தீப்பெட்டி இருந்தது.

அந்த ஸ்டாப்புக்கே இப்போது கொக்குக்கால் என்றுதான் பேர். ரவுண்டானா மேடையில் இரண்டு கால் மட்டும் அப்படியே நின்றது. அதில் ஆட்கள் சைக்கிளைப் பூட்டினார்கள், "வீடு வாடகைக்கு" ஒட்டினார்கள். கண்டக்டர், "கால் இறங்கு, கால் இறங்கு" என்று கத்துவார். பெரிய கொக்கை அறுத்த வேகத்தோடு மாநகராட்சிக்கு மூச்சு வாங்கிவிட்டது. தொட்டியிலும் பெஞ்சிலும் பஸ்ஸிலும் இருந்த ஆயிரக்கணக்கான சின்னக் கொக்குகள் அப்படியே கிடந்தன. அவற்றுக்கு இந்த வருஷம்தான் வேளை வந்தது.

அந்த வேலை வந்து சேர்ந்த இடம், அவள் டிசைன் பார்க்கும் ஸ்டிக்கர் கடை.

"கொக்கை வெட்டி எடுக்க வேணாமாம், மேலேயே வட்டத்தை ஒட்டிடலாமாம்" என்றார் முதலாளி, கையைத் தேய்த்துக்கொண்டே. "அகலம் கொடுத்திருக்காங்க. உயரம் கொடுக்கல. கொக்கு முழுசா மறையணும். ஏம்மா, உங்க வீட்லதான் ஒரிஜினலே நிக்குதே, அளந்து சொல்லிடேன்."

அவள் வீட்டுக்குப் போய் டேப் பிடித்து அளந்தாள். விரித்த சிறகு எவ்வளவு அகலமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் உயரம். அச்சு வார்த்த மாதிரி ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிட்டது. மனநிறைவோடு டேப்பைச் சுருட்டினாள். முதலாளி அன்றே மெஷினை ஓட்டினார். ஒட்டுகிற ஆட்களுக்கு ஒரு ஸ்டிக்கருக்கு இவ்வளவு என்று கூலி. அவர்கள் நின்று யோசிக்கவில்லை, ஒட்டிக்கொண்டே போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். வந்து நின்ற பஸ்ஸின் கதவில் பளபளவென்று நீல வட்டம். வட்டத்துக்குக் கீழே இரண்டு நீளக் கால்.

எதிரே குப்பைத் தொட்டியில் பார்த்தாள். வட்டம், இரண்டு கால். பெஞ்சில், மின்கம்பத்தில், கழிப்பறைச் சுவரில் எல்லாம் வட்டம், இரண்டு கால். ஆறு வருஷமாகக் கால்களை ரவுண்டானாவிலும் கொக்கை வீட்டிலும் தனித்தனியாகப் பார்த்துப் பழகியவளுக்கு, இரண்டும் ஒரே பிராணியைச் சேர்ந்தவை என்பது சுத்தமாக மறந்து போயிருந்தது.

"ஏம்மா, கொக்குன்னா கால் இருக்கும்னு உனக்குத் தெரியாதா?" என்றார் முதலாளி, ஃபேனைப் போட்டுவிட்டு அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு.

"தெரியும் சார். எங்க வீட்டுக் கொக்குக்குக் கிடையாது."

ஒரே வாரத்தில் ஊர் அதற்குத் தொப்பைக்காரர் என்று பேர் வைத்துவிட்டது. உருண்டை வயிறும் குச்சிக் காலுமாக, காலையில் நடைப்பயிற்சி போகிற எந்த அதிகாரியையும் அது நினைவுபடுத்தியது. பஸ் கிளம்பினால் தொப்பைக்காரர் ஓடுகிற மாதிரி இருந்தது. மாநகராட்சிக் கூட்ட அறையில் மேயர் நாற்காலிக்குப் பின்னாலும் ஒன்று ஒட்டியிருந்தார்கள். பேப்பரில் வந்த படத்தில், மேயர் தோளில் யாரோ உப்பு மூட்டை ஏறியிருந்தார்கள்.

ஸ்டிக்கரைக் கிழித்துப் பார்த்தார்கள், பெயிண்டும் சேர்ந்து வந்தது. காலை மட்டும் மறைக்கத் தனி ஸ்டிக்கர் அடிக்கலாமா என்று யோசித்தார்கள், தொப்பைக்காரருக்குக் கால்சட்டை போடப் போகிறார்கள் என்று ஊர் சிரித்தது. கடைசியில் மேயர், இனி சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு செய்தார். பழைய கொக்கையே மறுபடி ரவுண்டானாவில் ஏற்றி, பக்கத்தில் வட்டத்தையும் வைத்து, இரண்டுமே நம்முடையவைதான் என்று ஒரு விழா எடுத்துவிடலாம். கால் தயாராக நிற்கிறது. மிச்சக் கொக்கு எங்கே?

"எங்க டிசைனர் வீட்ல சார்!" என்றார் முதலாளி, தன் தலை தப்பிய சந்தோஷத்தில்.

இந்த அமளியெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அவளுக்கு ஏழாவது மாசம். வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே மாமனார் சொன்னார்: "குழந்தை வரப்போகுது. தொட்டில், துணி மணி, பார்க்க வர்ற ஆளுங்க... ஹால் உங்களுக்கு வேணும். நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். மாடி ரூம் அங்கே சும்மாதான் கிடக்கு."

தங்கச்சி வீடு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர்.

"அப்பா, அந்தக் கொக்கை மட்டும் எடுத்துட்டா நீங்க பழையபடி சின்ன ரூம்லயே..." என்று கணவன் ஆரம்பித்தான்.

"வாயை மூடுடா" என்று அடிக்குரலில் சீறினார் அவர். "அவ ஆசையா வச்சிருக்கா. உண்டாயிருக்கிற பொண்ணுகிட்ட இருந்து பிடுங்கச் சொல்றியா?"

அடுப்படியில் கரண்டியோடு நின்றிருந்த அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. இப்போது சொல்லியே ஆக வேண்டும் என்று வேகமாக ஹாலுக்கு வந்தாள்.

"மாமா..."

"என்னம்மா?"

"டீ போடட்டுமா?"

கணவன் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனான்.

அதனால்தான், மாநகராட்சியிலிருந்து ஆள் வருகிறது என்று முதலாளி சொன்னபோது அவளுக்கு அங்கேயே குதிக்கலாம் போல இருந்தது. ஏழாவது மாசம் என்பதால் குதிக்கவில்லை. யாரும் யாரையும் புண்படுத்த வேண்டாம். அவர்களே வந்து, அவர்களே தூக்கிக்கொண்டு போவார்கள். அவள் கொஞ்சம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றால் போதும். சின்ன ரூம் காலி. கட்டில் உள்ளே. தங்கச்சி வீட்டுக்கு ஒரு போன், அவ்வளவுதான். தொங்கப் போட்ட முகம் எப்படி இருக்கும் என்று கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கூட வைத்தாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிவாக்கில் வந்தார்கள். கையில் கோப்போடு ஒரு அதிகாரி அம்மா, பின்னால் கயிறும் சாக்கும் சுமந்துகொண்டு இரண்டு ஆட்கள். கீழே அதே ஏணி லாரி நின்றது. கதவில் தொப்பைக்காரர். மாமனார் பால்கனியிலிருந்து பழைய லாரியை ஒரு நிமிஷம் ஆசையாகப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வந்து, சின்ன ரூம் வாசலில் இரண்டு கையையும் நிலைப்படியில் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். ஊருக்குக் கட்டி வைத்த பை அவருடைய கட்டிலுக்கு அடியில் தெரிந்தது.

"தர முடியாதும்மா."

அதிகாரி அம்மா பொறுமையாகத்தான் பேசினாள். "ஐயா, ஓய்வு பெறும்போது உங்களுக்கு அன்பளிப்பாக் கொடுத்தது. உங்க சம்மதம் இல்லாம நாங்க தொடக் கூடாது. ஆனா நகரமே கேக்குது."

"வெட்டச் சொன்னதும் இதே நகரம்தானே? அன்னிக்கு ஏணியில ஏறி அறுத்தவன் நான். இவங்க வெட்டுன்னா வெட்டணும், ஒட்டுன்னா ஒட்டணுமா?"

"அப்பா, கொஞ்சம் கேளுங்க..." என்றான் கணவன்.

"நீ சும்மா இரு."

அதிகாரி அம்மா கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். குரல் இளகியது. "புரியுது ஐயா. அது மேல உங்களுக்கு அவ்வளவு பாசம்."

"யாருக்கு? எனக்கா?" மாமனாருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "எனக்கு இதைக் கண்டாலே ஆகாதும்மா! மாசா மாசம் ஏணியைப் போட்டு ஏறி, அதன் தலையில காக்கா போட்ட எச்சத்தைக் கழுவினதே நான்தான். என் வேலைக்காலம் பூரா கழுவினேன். இங்க பாருங்க" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "ராத்திரி இந்த ரூம் வழியா பாத்ரூமுக்குப் போறப்போ அதன் மூக்கு குத்தின வடு. காத்தடிச்சா அதுக்குள்ள ஊதுற சத்தம் இருக்கே, காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன். பாசமாம் பாசம்!"

கணவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"அப்புறம் எதுக்கு ஐயா வச்சிருக்கீங்க?"

"என் மருமகளுக்கு." அவர் குரல் இறங்கிவிட்டது. "இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து எனக்கு அது வேணும், இது வேணும்னு வாயைத் திறந்து அவ ஒன்னும் கேட்டதில்லம்மா. பிடிச்சிருக்குன்னு அவளா சொன்னது இது ஒன்னைத்தான். அதுவும் எப்போ? நான் அவகிட்ட என்ன பேசறதுன்னே தெரியாம முழிச்சிக்கிட்டு உக்காந்திருந்தப்போ, அவதான் முதல்ல வாயைத் திறந்தா. நான் அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். நான் இல்லாட்டியும் இது இங்க நிக்கும். குழந்தைக்கும் காட்டுவா."

கயிறு சுமந்து வந்த ஆட்களில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். சின்ன ரூமுக்குள் தெருவிளக்கு பல்பு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து கொக்கு, மூக்குக் குழாய் வழியாக, எல்லோரையும் ஒரு முறை பார்த்தது.

"சரிங்க ஐயா" என்றாள் அதிகாரி அம்மா. கோப்பை மூடினாள். "ஒரு பெண்ணோட ஆசையைப் பறிச்சுக்கிட்டுப் போய் விழா எடுக்க எனக்கும் மனசில்ல. புதுசா ஒன்னு செய்யச் சொல்லி எழுதிடறேன்." செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆட்கள் கயிற்றைச் சுருட்டினார்கள். முதல் ஆள் இரண்டு படி இறங்கியும் விட்டார்.

பயிற்சி செய்து வைத்திருந்த தொங்கப் போட்ட முகம் எதற்கும் உதவாமல் எங்கோ போய்விட்டது. கொக்கு நிற்கும். மனிதர் போய்விடுவார். கொக்குக்கால் ஸ்டாப்பில் யாரும் தீப்பெட்டி வாங்க வர மாட்டார்கள்.

"மாமா..."

அவர் திரும்பினார். கை இன்னும் நிலைப்படியில்தான் இருந்தது.

"டீ..."

"அய்யோ வேணாம்மா, குடிச்சுட்டுத்தான் வந்தோம்" என்றாள் அதிகாரி அம்மா படியிலிருந்தே.

ஆக, அந்த வழியும் அடைபட்டது. அடுப்படிக்குள் ஓடி ஒளிய இனி ஒரு சாக்கும் கிடையாது. ஹால் நடுவில் அவள் நின்றாள். எதிரே நெற்றியில் வடுவோடு அவர் நின்றார், ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆறிப்போன டீக்கு எதிரே உட்கார்ந்திருந்த அதே முகத்தோடு, அவள் என்ன சொல்லப் போகிறாளோ, அதற்குத் தான் என்ன பதில் சொல்வதோ என்ற அதே பயத்தோடு.

"எனக்கு அந்தக் கொக்கைப் பிடிக்காது மாமா. ஒரு நாளும் பிடிச்சதில்ல" என்றாள். "உங்களைத்தான் பிடிச்சிருந்தது. அதை எப்படிச் சொல்றதுன்னு அன்னிக்குத் தெரியல. அதைக் கொண்டு போகச் சொல்லுங்க மாமா. உங்க கட்டிலை உள்ள போடுங்க. எங்கேயும் போகாதீங்க."